காரில் பின் ஸ்பீக்கர்: கழற்றுவதா, மாற்றுவதா, சத்தத்தைக் குறைப்பதா?

நீங்கள் கேட்டது இது: முன்கதவுகளில் நல்ல காம்போனன்ட் ஸ்பீக்கர் (உயர் ஒலிக்கு ட்வீட்டர், கீழ் ஒலிக்கு வூஃபர் என்று தனித்தனியாக வருவது) போட்டாயிற்று, டிக்கியில் ஆழ்ந்த பாஸுக்கான சப்வூஃபர் வைத்தாயிற்று, நான்கு ஸ்பீக்கர்களைத் தனித்தனியாக ஓட்டக்கூடிய நான்கு சேனல் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்றும் இருக்கிறது. பின்கதவுகளில் வண்டியோடு வந்த பழைய ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு நண்பர் "அதையும் மாற்று, அப்போதுதான் செட் முழுமையாகும்" என்கிறார். இன்னொருவர் "பின் ஸ்பீக்கரே கூடாது, ஒயரைப் பிடுங்கிவிடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றாதீர்கள், அவற்றுக்காகப் புதிதாகச் செலவும் செய்யாதீர்கள், சத்தத்தை மட்டும் நன்றாகக் குறைத்து வையுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாமல் செய்தால் அடுத்த வாரமே வேறொருவர் பேச்சைக் கேட்டு மாற்றிவிடத் தோன்றும். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் கேட்கும் பாட்டில் பெரும்பகுதி இரண்டு சேனல் ஸ்டீரியோ. ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அன்று முதல் அடிப்படை மாறவில்லை: கேட்பவருக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலப்பக்கம் ஒரு ஸ்பீக்கர். பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் வரும்போது, இரண்டுக்கும் நடுவே வெறும் காற்றில் ஒருவர் நின்று பாடுவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. பாட்டை மிக்ஸ் செய்பவர் தன் முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களை வைத்துத்தான் வீணையை எங்கே உட்கார வைப்பது, டிரம்ஸை எவ்வளவு தள்ளி வைப்பது என்றெல்லாம் முடிவு செய்கிறார். அவர் அறையில் முதுகுக்குப் பின்னால் அதே குரலைப் பாடும் இன்னொரு ஜோடி கிடையாது. காரில் நாம்தான் அதைச் சேர்க்கிறோம்.

சேர்த்தால் என்ன ஆகிறது? ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சில மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்தால், எது முதலில் வந்ததோ அந்தத் திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் காது முடிவு செய்துவிடும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் இதை விரிவாக அளந்து காட்டியதால் ஹாஸ் விளைவு என்ற பெயரும் உண்டு. இப்போது உங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். தலையிலிருந்து எதிர்ப்பக்க முன்கதவு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இருக்கும். உங்கள் பக்கத்துப் பின்கதவு ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டரோ அதற்கும் குறைவோதான் இருக்கும். அதாவது பின்னால் இருப்பது முன்னால் உள்ள ஒன்றை முந்திக்கொண்டு காதுக்கு வருகிறது. அது சத்தமாகவும் பாடினால் டேஷ்போர்டு மேல் நிற்க வேண்டிய பாடகர் காதோரம் வந்து ஒட்டிக்கொள்கிறார். பல பேர் இதை "சரவுண்ட் மாதிரி இருக்கிறது" என்று ரசிக்கிறார்கள். சுற்றிலும் சத்தம் இருப்பது உண்மைதான். ஆனால் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பது அழிந்துபோய்விடும்.

இன்னொன்று, காது மடலின் அமைப்பு. மடல் முன்னோக்கித் திறந்திருப்பதால், பின்னாலிருந்து வரும் உயர் அதிர்வெண் ஒலிகள் அதன் மறைவில் கொஞ்சம் மழுங்கித்தான் உள்ளே போகின்றன. முன்னா பின்னா என்று மூளை பிரித்தறிவதற்கு இந்த மழுங்கலும் ஓர் அடையாளம். அதனால் பின்கதவில் பளீரென்ற ட்வீட்டர் வைத்தால் காதுக்குக் கிடைப்பது மிகத் தெளிவான திசைச் செய்தி: "சத்தம் பின்னால் இருக்கிறது." பின் ஸ்பீக்கரில் நல்ல ட்வீட்டர் இருந்தால் நல்லது என்ற எண்ணம் முன் இருக்கைக்காரருக்குப் பாதகமாக முடிவது இதனால்தான்.

திசைக் குழப்பத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது மிட்பாஸில், அதாவது சப்வூஃபரின் பகுதிக்குச் சற்று மேலே உள்ள பாஸ் ஒலிகளில், நடக்கும் சேதம். ஒரே ஒலி இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து வருகிறது, தூர வித்தியாசம் 85 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 1.7 மீட்டர். 85 சென்டிமீட்டர் அதில் சரிபாதி. ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அதற்கு மேலேயும் பல இடங்களில் இதேபோல் பள்ளங்கள் விழும். மிருதங்கத்தின் உடல், ஆண் குரலின் கீழ்ப்பகுதி, பாஸ் கிட்டாரின் மேல் சுரங்கள் எல்லாம் வாழ்வது 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள இந்தப் பகுதியில்தான். நான்கு ஸ்பீக்கரும் முழு மூச்சில் பாடும் காரில் சத்தம் இருந்தும் கனம் இல்லை என்று தோன்றினால் இதைச் சந்தேகிக்கலாம். ஈக்வலைசரில் அந்த இடத்தை ஏற்றிப் பயனில்லை. இரண்டும் சேர்ந்தே ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும்.

என் சொந்த வண்டியில் பல மாதங்கள் இப்படி அவதிப்பட்டேன். பாஸ் மெலிந்தே இருந்தது. சப்வூஃபர் பெட்டிதான் சரியில்லை என்று நினைத்து அதை இரண்டு முறை மாற்றினேன். கடைசியில் ஒரு நாள் தற்செயலாக ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர்களுக்கு இடையே சத்தத்தைப் பங்கிடும் அமைப்பை) முழுவதும் முன்னால் தள்ளியபோது டிரம்ஸ் திடீரென்று எழுந்து நின்றது. பின்பேனலைக் கழற்றிப் பார்த்தால், பொருத்தியவர் ஒரு பின் ஸ்பீக்கருக்குப் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறார். சரிசெய்த பிறகும், ஃபேடர் முன்னால் இருக்கும்போதுதான் குரல் திருத்தமாக இருந்தது. ஒவ்வொரு வண்டியிலும் முதலில் ஃபேடரைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று வந்தது.

நீங்களும் செலவில்லாமல் இதைச் செய்து பார்க்கலாம். வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு குரல் நடுவில் நிற்கும் பாட்டு ஒன்றை மிதமான சத்தத்தில் போடுங்கள். ஃபேடரை முழுக்க முன்னால் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, குரல் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னால் கொண்டுவாருங்கள். முதல் சில படிகளில் வண்டி கொஞ்சம் அகலமானதுபோல் இருக்கும், குரல் இடம் மாறாது. ஒரு கட்டத்தில் குரல் டேஷ்போர்டை விட்டுக் கிளம்பி உங்களை நோக்கி வர ஆரம்பிக்கும். அங்கிருந்து இரண்டு படி முன்னால் வந்து நிறுத்திவிடுங்கள். உங்கள் வண்டிக்கு, உங்கள் காதுக்குப் பின் ஸ்பீக்கரின் சரியான அளவு அதுவே. சிலருக்கு அது பூஜ்யமாகவே இருக்கும். அதிலும் தவறில்லை.

பின்னால் இருக்கும் சப்வூஃபர் மட்டும் ஏன் தொந்தரவு தருவதில்லை என்று இங்கே ஒரு கேள்வி வரும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலைநீளம் நான்கு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. மூடிய காருக்குள் அவ்வளவு நீண்ட அலையின் திசையைக் காதால் பிடிக்க முடியாது. முன் ஸ்பீக்கர்கள் மிட்பாஸைச் சரியாகக் கொடுத்தால், டிக்கியில் உள்ள சப்வூஃபரின் ஒலியும் முன்னாலிருந்து வருவதாகவே தோன்றும். ஆனால் சப்பை 120, 150 ஹெர்ட்ஸ் வரை பாட விட்டாலோ, டிக்கி மூடியோ நம்பர் பிளேட்டோ கடகடவென்று அதிர்ந்தாலோ காது உடனே பின்னால் திரும்பிவிடும். அந்தக் கடகடப்புக்கு உயர் அதிர்வெண் உண்டு அல்லவா.

சரி, இவ்வளவு கெடுதல் இருந்தால் இரண்டாவது நண்பர் சொன்னபடி பிடுங்கிவிட்டால் என்ன? ஒலித்தரத்துக்காகப் போட்டிகளில் கலந்துகொள்ளும் பல கார்களில் பின் ஸ்பீக்கர் கிடையாதுதான். அங்கே நடுவர் உட்காருவது முன் இருக்கையில். உங்கள் வண்டியில் பின்னால் ஆட்கள் உட்காருவார்கள். முன் இருக்கைகளின் முதுகும் தலைச்சாய்வும் தடித்த பஞ்சுச் சுவர்கள். முன்கதவின் கீழே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து உயர் ஒலிகள் அதைத் தாண்டிப் பின் இருக்கைக்குப் போவதற்குள் பாதி வலு இழந்துவிடும். அவர்களுக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் சத்தத்தை ஏற்றுவீர்கள், முன்னால் உங்கள் காது வலிக்கும். பெரியவர்களோ குழந்தைகளோ பின்னால் இருக்கும்போது அளவான ஒரு பின் ஸ்பீக்கர் முன் இருக்கைக்காரரின் காதையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. மூன்று வரிசை வண்டியில் இது இன்னும் முக்கியம். கடைசி வரிசைக்கு முன் ஸ்பீக்கர்களின் ஒலி ஒரு முணுமுணுப்பாகத்தான் போய்ச் சேரும்.

பிடுங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய இன்னொரு விஷயம் புதிய வண்டிகளில் இருக்கிறது. பல மாடல்களில் பார்க்கிங் சென்சாரின் பீப் ஒலி, நீங்கள் பின்னால் எடுக்கும்போது பின் ஸ்பீக்கரில் வரும். சிலவற்றில் சாலை இரைச்சலையோ என்ஜின் முனகலையோ எதிர் அலை கொடுத்து அடக்கும் வசதி, வண்டியின் எல்லா ஸ்பீக்கர்களையும் பயன்படுத்துகிறது. அதில் இரண்டைப் பிடுங்கினால் கணக்குத் தப்பிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் கைவைக்கும் முன் எந்த ஒலி எங்கே வருகிறது என்று ஒரு நாள் கவனித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கி தனியாக இருக்கும் செடான் வண்டியில், பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் 6க்கு 9 அங்குல ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். சப்வூஃபர் இல்லாத வண்டிக்கு அது உண்மையிலேயே உதவும். அதன் கூம்பின் பரப்பு ஆறரை அங்குல ஸ்பீக்கரைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். டிக்கி முழுவதும் அதற்குப் பெட்டியாகிவிடுவதால் கதவு ஸ்பீக்கர் இறங்காத ஆழத்துக்கு அது இறங்கும். சப் வாங்க இடமோ மனமோ இல்லாதவருக்கு, முன்னால் நல்ல காம்போனன்ட், பின்பலகையில் ஒரு 6க்கு 9, அதில் ட்ரெபிளைக் குறைத்து பாஸை மட்டும் வாங்கிக்கொள்வது நல்ல வழி. ஆனால் பிறகு டிக்கியில் சப்வூஃபர் வைத்தால் கதை மாறும். சப் உண்டாக்கும் காற்றழுத்தம் பலகை ஸ்பீக்கர்களின் கூம்பைப் பின்புறமிருந்து தள்ளி இழுத்துக்கொண்டே இருக்கும், அவற்றின் ஒலி கலங்கும். அப்போது முதுகில் மூடி போட்டு அடைக்க வேண்டும், அல்லது ஸ்பீக்கரை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைச் சப்பின் ஒலி உள்ளே வரும் வழியாக விட்டுவிட வேண்டும். கழற்றுவதுதான் நல்லது என்று நானே சொல்லும் ஒரே இடம் இது.

உங்களுடைய நான்கு சேனல் ஆம்பைப் பற்றி. இரண்டு சேனலை முன்னுக்கும் இரண்டைப் பின்னுக்கும் கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். ஆனால் பின் ஸ்பீக்கர்களுக்கு அந்த இரண்டு சேனல் தேவையே இல்லை. ஹெட் யூனிட்டின் (டேஷ்போர்டில் உள்ள பாட்டுப் பெட்டியின்) முகப்பில் "50 வாட் × 4" என்று எழுதியிருந்தாலும், 14.4 வோல்ட்டில் நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு அது சுத்தமாகத் தரக்கூடியது சுமார் 20 வாட்தான். பின் ஸ்பீக்கருக்கு அது தாராளம். ஆம்பின் நான்கு சேனல்களையும் முன்னாலேயே கொடுங்கள்: ட்வீட்டருக்கு இரண்டு, கதவு வூஃபருக்கு இரண்டு. ஆம்பிலோ ஹெட் யூனிட்டிலோ அதற்கான க்ராஸ்ஓவர் வசதி, அதாவது உயர் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரித்து அனுப்பும் வசதி, இருக்க வேண்டும். ட்வீட்டருக்குத் தனி அளவு, தனித் தாமதம் கிடைக்கும்போது வரும் மாற்றத்தில் கால்பங்கைக்கூடப் புதிய பின் ஸ்பீக்கர் தராது. சப்புக்குத் தனி ஆம்ப் இல்லையென்றால், பின் சேனல்கள் இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே வலுவான சேனலாக இணைத்து, சப்புக்குக் கொடுத்துவிடலாம்.

செலவழிக்கத் துடிக்கிறது என்றால், பின் ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தை முன்கதவுக்குள் போடுங்கள். கதவின் உள்தகட்டில் உள்ள பெரிய துளைகளை அடைத்து, வெளித்தகட்டில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கருக்குக் கெட்டியான வளையம் வைத்தால் மிட்பாஸ் வரும் விதமே வேறு.

அப்புறம், பின் ஸ்பீக்கரை முன் இருக்கைக்காரருக்கே நன்மையாக மாற்றும் ஒரு வழி இருக்கிறது. டிஎஸ்பி (ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவு, தாமதம், அதிர்வெண்ணைத் தனித்தனியாகத் திருத்தும் டிஜிட்டல் கருவி) வைத்திருப்பவர்கள் அவசியம் முயன்று பார்க்க வேண்டும். ஒரு கச்சேரி மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் முன்னால் மேடையில். பின்னாலிருந்து உங்களுக்கு வருவது சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி: தாமதமாக, தணிந்து, கூர்மை போய். அதே மூன்றையும் பின் ஸ்பீக்கருக்குச் செய்துவிட்டால் அது மண்டபத்தின் பின்சுவராகிவிடும். ரியர் ஃபில் என்று இதைச் சொல்கிறார்கள்.

நான் தொடங்கும் அளவுகள் இவை. தாமதம் 15 மில்லிசெகண்ட், அதாவது ஐந்து மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளியதற்குச் சமம். தேவைப்பட்டால் 25 வரை போகலாம். முன் ஸ்பீக்கரைவிட 6 முதல் 10 டெசிபல் குறைவு. கீழே 300 ஹெர்ட்ஸில் வெட்டு, மேலே 3000 ஹெர்ட்ஸில் வெட்டு. கீழே வெட்டுவது மிட்பாஸ் பள்ளத்தைத் தவிர்க்க. மேலே வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீண்டு ஒலிக்கும் குரலில் 20 மில்லிசெகண்ட் தாமதம் தெரியவே தெரியாது, ஆனால் கஞ்சிராவின் ஜிங்கி போன்ற கூரிய தட்டல் இரட்டையாகக் கேட்டுவிடும். உயர் ஒலிகளை எடுத்துவிட்டால் தட்டலின் முனை மழுங்கி அந்த இரட்டிப்பு மறைகிறது.

டிஎஸ்பியில் சேனல்களைக் கலக்கும் வசதி இருந்தால் ஒரு படி மேலே போகலாம். பின் இடதுக்கு இடது சேனலிலிருந்து வலதைக் கழித்தும், பின் வலதுக்கு வலதிலிருந்து இடதைக் கழித்தும் கொடுங்கள். இரண்டு சேனலிலும் ஒன்றாக இருப்பவை, அதாவது நடுவில் நிற்கும் குரல், பாஸ், கிக் டிரம் ஆகியவை கழிந்து காணாமல் போகும். எஞ்சுவது எதிரொலியும் ஓரங்களில் விரிந்த கருவிகளும் ரசிகர்களின் கைதட்டலும். குரல் பின்னால் போகவே இல்லை என்பதால் அது டேஷ்போர்டை விட்டு நகரவும் வழியில்லை. டிஎஸ்பி வருவதற்கு வெகு காலம் முன்பே, 1970 வாக்கில், டேவிட் ஹாஃப்லர் வீட்டு ஸ்டீரியோவில் இதை ஒயர் இணைப்பை மட்டும் வைத்துச் செய்து காட்டினார்: பின் ஸ்பீக்கரை இரண்டு சேனல்களின் பிளஸ் முனைகளுக்கு இடையே இணைப்பது. அதைக் காரில் ஒயரிலேயே செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள். சில கார் ஆம்புகள் பிரிட்ஜ் வசதிக்காக ஒரு சேனலை உள்ளே தலைகீழாக்கியிருக்கும், எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்காது. ஹெட் யூனிட்டின் ஸ்பீக்கர் மைனஸ் ஒயர் பாடியில் பட்டால் உள் ஆம்ப் பழுதாகவும் கூடும்.

ரியர் ஃபில் சரியாக அமைந்ததா என்பதற்கு ஒரே சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போது பின் ஸ்பீக்கர் இருப்பதே தெரியக்கூடாது. மியூட் செய்தால் வண்டி சட்டென்று சுருங்கியதுபோல் இருக்க வேண்டும். இருப்பது தெரிந்தால் இன்னும் ஒரு டெசிபல் குறையுங்கள்.

இதில் பலர் மறந்துவிடும் சங்கடம் ஒன்று உண்டு. இப்படி அமைத்த வண்டியில் பின் இருக்கையில் உட்கார்ந்தவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரில் குரலே இல்லாத விசித்திரமான ஒலி கேட்கும். அதனால் டிஎஸ்பியில் இரண்டு பிரீசெட் (சேமித்து வைத்து மாற்றிக்கொள்ளும் அமைப்பு) போட்டு வையுங்கள். தனியாக ஓட்டும்போது ரியர் ஃபில். ஆட்கள் ஏறும்போது தாமதமும் கழித்தலும் இல்லாத சாதாரண ஸ்டீரியோ, 100 ஹெர்ட்ஸுக்கு மேல், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. டேஷ்போர்டு மேல் அமைந்த உங்கள் ஒலி மேடை அப்போது கொஞ்சம் கலையும், ஆனால் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கும் பாட்டு கேட்கும்.

மேலே சொன்னதெல்லாம் ஸ்டீரியோ பாட்டுக்கு. 5.1, டால்பி அட்மாஸ் என்று பல சேனலில் பதிவான இசைக்குப் பின் ஸ்பீக்கர் கட்டாயம், அதில் பின்னால் வர வேண்டியது தனியாகவே பதிவாகியிருக்கிறது. 2004 அக்யூரா டிஎல் காரில் டிவிடி ஆடியோ 5.1 கொடுத்தார்கள், லூசிட் ஏர் காரில் அட்மாஸுக்காக 21 ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட அமைப்பை வண்டி தயாரித்தவர் அளந்து அமைத்தபடியே விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு வருவோம். பழைய பின் ஸ்பீக்கர்கள் ஹெட் யூனிட்டிலேயே இருக்கட்டும். அவற்றுக்கு ஹைபாஸ் ஃபில்டரை (கீழ் ஒலிகளை வெட்டிவிட்டு மேலுள்ளதை மட்டும் அனுப்புவது) 120 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஒரு பென்லைட் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயரில் ஒரு கணம் தொட்டு எடுத்து, கூம்பு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று பாருங்கள். அதற்கு முன் ஒயரை ஹெட் யூனிட்டிலிருந்து கழற்றியிருக்க வேண்டும். ஒயரின் பிளஸ்ஸில் பேட்டரியின் பிளஸ்ஸை வைத்தால் இரண்டு கூம்புகளும் வெளியே வர வேண்டும். பிறகு ஃபேடர் சோதனையைச் செய்து அளவை முடிவு செய்யுங்கள். ஆம்பின் நான்கு சேனல்களையும் முன்னுக்கு மாற்றும் வேலையை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு முழு நாள் பிடிக்கும்.